வீரம்மாக்காவின் நடை

எங்கள் தொழிற்சாலை வாசலில் அந்தக் கேமராவை மாட்டிய அன்றைக்கு நான் அதைத் திட்டாத திட்டு இல்லை. லாரி ஓட்டி ஓட்டி முதுகு போன பிறகு இந்தக் காவல் வேலைக்கு வந்தவன் நான். யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதையும் ஒரு பெட்டி வந்து பார்த்துக்கொள்ளும் என்றால் இந்தக் கனகராஜ் எதற்கு, வாசலில் கோலம் போடவா?

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற வழியில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய ரப்பர் குழாய்கள் செய்கிறார்கள். தூசி படக்கூடாது என்று உள்ளே போகிற எல்லோருக்கும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. உடுப்பை மாட்டிக்கொண்டால் யார் எவர் என்று ஒரு மண்ணும் தெரியாது. விரல் ரேகை வைக்கலாம் என்றால் கையுறையைக் கழற்ற முடியாது. முகத்தைக் காட்டலாம் என்றால் முகமூடியைக் கழற்ற முடியாது. ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் அட்டையைத் தொட்டுவிட்டுப் போவது அதனால் சுலபமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் நடையைப் பார்த்து ஆளைச் சொல்கிற கேமராவைக் கொண்டு வந்தார்கள்.

அதை மாட்ட வந்தவர் தௌஃபிக். ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். தன்மையான ஆள், நான் எரிந்து விழுந்தாலும் சிரித்தே பதில் சொல்வார்.

"அண்ணே, இது மூஞ்சியப் பாக்காது லா. ஆள வெறும் நெழலாத்தான் பாக்கும். தோளு எப்படி ஆடுது, இடுப்பு எப்படித் திரும்புது, கால எப்படி வைக்கிறாங்க, அத வச்சே ஆளு யாருன்னு சொல்லிரும்."

"நெழல வச்சா? அப்ப பேயி வந்தாலும் உள்ள விட்டுரும்னு சொல்லு."

"பேய்க்குத்தான் காலே இல்லையே அண்ணே."

என்னத்தைச் சொல்ல! எல்லோரையும் ஒவ்வொருவராக நடக்கவிட்டுப் பதிவு செய்துகொண்டார். மறுநாளிலிருந்து யார் நடந்து வந்தாலும் என் காவல் அறைத் திரையில் பெயர் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, சரியாகத்தான் விழுந்தது. வீரம்மாக்கா வரும்வரை.

வீரம்மாக்கா என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நடந்து வந்தார். திரையில் 'துளசி மாயாண்டி' என்று பெயர் விழுந்தது.

"அக்கா, மெசினு உன்னையத் துளசிங்குது" என்றேன்.

"அதுக்கும் கண்ணு அவிஞ்சி போச்சா தம்பி" என்று சிரித்தார். ஆனால் போகாமல் நின்று அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் முனகத் தொடங்கிய பிறகுதான் நகர்ந்தார்.

அவர் ஏன் அப்படி நின்றார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வீரம்மாக்கா பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாயாண்டி, அங்கம்மா என்று பால்மரம் வெட்டுகிற புருஷன் பெண்டாட்டி. வெகுகாலம் பிள்ளையில்லை. சீனப் பிள்ளையை எடுத்து வளர்த்தால் அந்தக் கையோடு வயிற்றிலும் பிள்ளை தங்கும் என்று அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. பெண்பிள்ளை அதிகமாகிப்போன ஒரு சீன வீட்டிலிருந்து, கண்கூடச் சரியாகத் திறக்காத குழந்தையைத் துண்டில் சுற்றி அங்கம்மா வாங்கி வந்தார். வீரம்மா என்று குலசாமி பெயரையே வைத்தார். சொல்லி வைத்தாற்போல் கொஞ்ச காலத்திலேயே துளசி பிறந்தாள்.

சொந்தப் பிள்ளைதான் வந்துவிட்டதே, அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று லயத்து வீடுகளில் யாரோ யோசனை சொன்னார்களாம். வெட்டு முடித்துப் பால் வாளியோடு வந்துகொண்டிருந்த அங்கம்மா அப்படியே நின்று, "எம் மூத்த மவளக் குடுக்கச் சொல்ற வாயில இந்த ரப்பர் பால ஊத்தி ஒட்டிருவேன்" என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இதை வீரம்மாக்கா எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோல் அவரே சிரிப்பார்.

பெற்றவளையும் அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "அவ குடுக்கலைன்னா எங்கம்மா எனக்குக் கெடச்சிருப்பாளா தம்பி? எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்பார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் தேடிப் போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

அவரைப் பாசாரில், அதான் சந்தையில், பார்க்க வேண்டும். வெள்ளைத் தோல், சின்னக் கண், அதற்கு நடுவே வட்டமாகக் குங்குமப் பொட்டு. சீனப் பாட்டிமார் பாசத்தோடு வந்து கண்டோனீஸில் பேச்சுக் கொடுப்பார்கள். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "என்னா சொல்லுதுன்னு அந்த மாரியாத்தாவுக்குத்தான் வெளிச்சம்" என்று என்னிடம் முணுமுணுப்பார். கோபம் வந்தால் அவர் வாயிலிருந்து வருகிற தோட்டத்துத் தமிழை எழுத்தில் போட முடியாது.

தோட்டம் விற்றுப்போன பிறகு துளசி சுங்கை சிப்புட்டில் வீடு வாங்கிக் குடியேறினாள். வீரம்மாக்கா கல்யாணமாகி ஈப்போ புந்தோங்கில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். புருஷன் காலமாகிவிட்டார். மகன் பவித்ரன் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் இருக்கிறான். கடைசி வருஷங்களில் அங்கம்மா வீரம்மாக்காவோடுதான் இருந்தார். முட்டி தேய்ந்து தனியாக நடக்க முடியாது. ஆனாலும் சாயங்காலமானால் கோயிலுக்குப் போயாக வேண்டும், பிடிவாதக்காரி. அக்கா வேலை முடிந்த அலுப்போடு அம்மாவின் கையைத் தன் கைக்குள் பூட்டிக்கொண்டு, அவர் எட்டு வைத்தால் தானும் எட்டு வைத்து, அவர் நின்றால் தானும் நின்று, கோயிலுக்கு நடத்திக்கொண்டு போவார். புந்தோங்கில் அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இல்லை.

என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது எங்கள் வீட்டுக்குச் சோறு வந்ததும் அந்தக் கையிலிருந்துதான். யாரும் கேட்கவில்லை, அவராகவே தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். அந்த ரசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். நன்றி என்கிற சொல்லை அவர் முகத்துக்கு நேரே என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கம்மா இறந்த அன்று நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரம். வீரம்மாக்கா கைநிறைய அரிசியோடு அம்மாவின் தலைமாட்டில் நின்றார். அங்கம்மாவின் தம்பி சன்னாசி, வீட்டுக்குப் பெரியவர், எல்லோரும் கேட்கும்படி சொன்னார்:

"பெத்த புள்ள மொதல்ல போடட்டும். மத்தவங்க அப்புறம் போடலாம்."

மத்தவங்க! ஒற்றைச் சொல்தான். வீரம்மாக்கா துளசியைப் பார்த்தார். துளசி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பின்னுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு வரிசையில் நின்று கடைசியாக அரிசி போட்டார். எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சாவு வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றுபோனது. துளசி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இவர் இருந்தார். எந்த முகத்தோடு பேசுவது என்று அவள் இருந்தாள். வெட்கம் நாளாக நாளாக வீம்பாகிப் போனது. ஒரே தொழிற்சாலை, ஒரே பகுதி, எதிரெதிரே வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கேமரா வந்த சமயம் அங்கம்மாவின் முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி படையல் இலையை மூத்த பிள்ளை போட வேண்டும். போட்டுவிட்டு, உறவு முறை சொல்லி இறந்தவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். துளசி வீட்டில் படையல் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, எனக்குக்கூடச் சொல்லியாயிற்று. வீரம்மாக்காவுக்குச் சொல்லவில்லை.

"என்னையக் கூப்பிட வேணாம் தம்பி, விடு" என்றார் ஒரு காலை காவல் அறை வாசலில். "ஆனா அம்மாவ யாரு கூப்பிடுவா? மூத்தவ நான் இருக்கேன்ல. நான் மவ இல்லைன்னா அப்புறம் நான் யாருடா? சீனத்தியும் இல்ல, தமிழச்சியும் இல்ல. எங்கம்மாவுக்கு மவங்கிறதத் தவிர எனக்கு வேற என்னா இருக்கு?"

"சாப்டியா அக்கா" என்று கேட்டேன். மடையன்.

இந்த லட்சணத்தில்தான் மெசின் தினமும் அவரைத் துளசி துளசி என்றது. சில நாள் துளசி வந்தால் வீரம்மா என்றது. தௌஃபிக் பழையதை அழித்துவிட்டு மறுபடியும் இருவரையும் பதிவு செய்தார். அப்போதும் அப்படியே. ஆபீஸுக்குச் செய்தி போனது. கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேடம் ஒருவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பதிவு நாளில் ஒருத்தியே உடுப்பு மாற்றி இரண்டு பேருக்கும் நடந்திருக்கிறாள், பிறகு ஒருத்தி லீவு போட இன்னொருத்தி சமாளிக்கத் திட்டம் என்று அவருக்குச் சந்தேகம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், அவங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாத்துப் பேசியே வருசம் ஆவப்போவுது. இதுல கூட்டு வேற சேருவாங்களா?"

மேடம் சிரிக்கவில்லை. இருவரையும் அவரவர் அட்டையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தனியாக நடக்கவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். அதிலும் சரிவராவிட்டால் இருவர் மேலும் நடவடிக்கை என்றார்.

தௌஃபிக் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "அண்ணே, கூடப் பொறந்தவங்க, ஒண்ணா வளந்தவங்க, இப்படிப்பட்டவங்க நடை சில சமயம் ஒத்துப்போவும். ஆனா இவங்கள்ல ஒருத்தவங்க சைனீஸ், ஒருத்தவங்க நம்மாளு. எப்படி லா?"

"ஒரே அம்மா புள்ளைங்கதான்யா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கதையைச் சொன்னேன்.

மறுநாள் காலை முதலில் துளசி நடந்தாள். முடித்ததும் உடுப்பைக் கழற்றி வீசிவிட்டு நேரே காவல் அறைக்குள் வந்தாள். சண்டைக்குத்தான் வந்தாள்.

"என்னாண்ணே நெனச்சிக்கிட்டு இருக்கீங்க? நான் என்னா திருடியா? யாரோ ஒருத்திக்காக என் பேரு ஏன் ஆபீஸ்ல நாறணும்?"

'யாரோ ஒருத்தி' என்றதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் திரையைப் பார்த்துவிட்டாள்.

திரையில் கறுப்பின் மேல் வெள்ளையாக ஓர் உருவம் நடந்துகொண்டிருந்தது. முகமில்லை, நிறமில்லை, உடுப்பில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கத்துக் கால் சற்றே வெளியே திரும்பி, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சின்ன நிதானம். காலமெல்லாம் ஒரு கையில் பால் வாளி தூக்கியவர்களின் நடை.

துளசி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா" என்றாள். "அண்ணே, இது எங்கம்மா. எங்கம்மா படம் உங்களுக்கு ஏது?"

தௌஃபிக் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அக்கா" என்றார் தௌஃபிக் மெதுவாக, "இது பழைய படம் இல்ல. இப்ப நடந்துக்கிட்டு இருக்காங்க. வெளிய பாருங்க."

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்புறம் நடைபாதையில் வெள்ளை உடுப்போடு வீரம்மாக்கா தனியாக நடந்துகொண்டிருந்தார். கோடி வரை போய்த் திரும்பினார். திரும்பும்போது கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவர் எதையும் கும்பிடுவார், அது வேறு விஷயம்.

துளசி திரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு அழுதாள் பாருங்கள், அப்படியோர் அழுகை. அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. "எனக்கு வரலண்ணே இந்த நடை. பாதிதான் வந்திருக்கு. அவளுக்கு முழுசா வந்திருக்கு. அவதானே அம்மா கையப் புடிச்சி நடந்தா. நான் மாசத்துக்கு ஒருக்கா போயி எட்டிப் பாத்துட்டு வந்தவ. நான் எப்படி வாய மூடிக்கிட்டு நின்னேன்? பாவி, எப்படி நின்னேன்?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து அங்கேயே நின்றபடி சன்னாசி மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, ஞாயித்துக்கெழமை இலைய அக்காதான் போடுவா... எந்த அக்காவா? எனக்கு எத்தன அக்கா இருக்கு? ஒரே ஒரு அக்காதான்... நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி மாமா. வந்தா கும்பிட்டு வரவேப்பேன்."

கைப்பேசியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வீரம்மாக்கா முதலில் பின்வாங்கியதைப் பார்த்தோம். துளசி அவர் இரண்டு கையையும் பிடித்ததைப் பார்த்தோம். அக்கா முகமூடியை இறக்கினார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. தௌஃபிக் வயர்களைச் சுற்றுகிற மாதிரி குனிந்துகொண்டார், அவருக்கும் கண் சிவந்திருந்தது.

ஆபீஸ் மேடத்திடம் தௌஃபிக் போய் விளக்கினார். பதிவில் தவறில்லை, இருவர் நடையும் அவ்வளவு நெருக்கம், இவர்கள் இருவரும் மட்டும் நடந்த பிறகு அட்டையையும் தொடட்டும் என்றார். சும்மா சொல்லக்கூடாது, மேடமும் இருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சுங்கை சிப்புட்டுக்குப் போனோம். துளசி வீட்டு அடுப்படியில் வீரம்மாக்காதான் நின்றார். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வரவழைத்த கருவாட்டில் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு, சீனி தூக்கலாகக் கோப்பி, எல்லாம் அங்கம்மாவுக்குப் பிடித்தது. துளசி பின்னாலேயே திரிந்து, "அக்கா உப்பு பாரு, அக்கா காரம் பாரு" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். "போடி அந்தப் பக்கம்" என்று அக்கா விரட்டினார். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

சன்னாசி மாமா வந்தார். கும்பிட்டு வரவேற்றாள் துளசி. வந்துதான் விட்டாரே தவிர முகத்தில் ஈயாடவில்லை. கூடத்து மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மெசினாம், நெழலாம், வேலையத்த பேச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். எனக்குக் கை துறுதுறுத்தது. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

இலை விரித்தாயிற்று. வீரம்மாக்கா அடுப்படியிலிருந்து சோற்றுப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கி, கால் வெளியே திரும்பி, எட்டுக்கு எட்டு நிதானமாக வந்தார். நான் அக்காவைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முனகல் பாதியில் நின்றது. கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் கழற்றினார்.

அக்கா பரிமாறி முடித்தார். சூடம் ஏற்றினார். இனிக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கூடத்தில் அத்தனை பேர் நிற்கிறோம், ஒருவரும் அசையவில்லை. அக்கா திரும்பி, தயங்கித் தயங்கி, மாமாவின் பக்கம் பார்த்தார். சம்மதம் கேட்கிற பார்வை அது. அதைப் பார்த்து எனக்கே தாங்கவில்லை.

சன்னாசி மாமா முன்னால் வந்தார்.

"கூப்பிடு ஆத்தா. நீ கூப்பிட்டாத்தான் எங்கக்கா வரும்."